அத்தை தின்ற ஆறு பரோட்டா

எனக்கு ஏழு வயதில் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து முதன்முறையாக ஓட்டலுக்குப் போனோம். அப்பாவின் தங்கையான என் அத்தை அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். அவளைப் பார்க்கக் கீரனூர்ப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் ஊர்வாயை மூட முடியாது. அதனால் கந்தர்வக்கோட்டை ரோட்டில், முந்திரிக்காட்டை ஒட்டிய பரோட்டாக் கடையில், இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சாப்பிட வந்ததுபோல் சந்திப்பது என்று ஏற்பாடு. என் காதில் விழுந்தது பரோட்டா மட்டும்தான்.

கிளம்புமுன் அத்தை, "படிப்பு முடியட்டும்ண்ணே" என்று இன்னொரு முறை கேட்டாள்.

"புடிச்சிருச்சுன்னா ஆவணியிலயே முடிச்சுருவோம். படிக்கிறத அங்க போயிப் படிச்சுக்க" என்றார் அப்பா.

அம்மா அவளுக்கு இரண்டு தட்டுச் சோறு போட்டுச் சாப்பிட வைத்தாள். "அங்கிட்டுப் போயி அள்ளித் திங்காத. கொறிச்சிட்டு எந்திரிச்சிரு."

அந்தச் சாயங்காலம் இப்போதும் பாதிக் கனவாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கூரை இடுக்கு வழியாக இறங்கிய மஞ்சள் வெயிலில் கல்லின் புகை மெதுவாக மிதந்தது. மாஸ்டர் மாவைச் சேலைத் தலைப்புபோல் வீசினார். ரோட்டில் போன பஸ்களின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. பக்கத்து மேசையில் ஒரு அம்மாவும், சட்டைப் பையில் பேனா வைத்த மகனும் எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை உற்றுப் பார்க்கக்கூடாது என்பது எனக்கிட்ட கட்டளை.

அத்தை இரண்டு பரோட்டாவை முடித்தாள். "இன்னும் ரெண்டு வைங்கண்ணே. சால்னா நெறைய ஊத்துங்க" என்றாள். அதுவும் தீர்ந்தது. மறுபடி இரண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டில் இப்படிச் சாப்பிட ஒரு ஆள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பெஞ்சுக்கடியில் அம்மா அவள் காலை மிதித்துக்கொண்டே, பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி, "பாவம், விரதம். காலையிலேருந்து பல்லுல பச்சத் தண்ணி படல" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீதானம்மா வரும்போது அத்தைக்கு ரெண்டு தட்டுச் சோறு போட்ட?"

அந்த அம்மாவின் கை இலையிலேயே நின்றது. பிறகு எழுந்து கை கழுவி வந்து, "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்ங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மகனோடு புறப்பட்டார். அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். பரோட்டா மாஸ்டருக்குக்கூட அது புரிந்துவிட்டது.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். இறங்கி வீட்டுக்கு நடக்கையில் அத்தை என் கையை விட்டுவிட்டு ஒரு முந்திரி மரத்தடிக்கு ஓடினாள். அத்தனையும் வாந்தி. "நல்லா வேணும் ஒனக்கு" என்று திட்டிக்கொண்டே அம்மா முதுகைத் தடவிவிட்டாள். அத்தைக்குக் கண்ணில் நீர் கொட்டியது, முகமோ சிரித்தது.

"வலிக்குதா அத்தை?"

"இல்லடி தங்கம். இப்பத்தான் வயிறு லேசா இருக்கு."

ஆறு பரோட்டாவும் மண்ணோடு போயிற்றே என்று நான்தான் தேம்பித் தேம்பி அழுதேன்.

அத்தை படித்து முடித்து டீச்சரானாள். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா மறக்காமல் பரோட்டாப் பொட்டலம் வாங்கி வருவார், தங்கைக்கு உயிராச்சே என்று. அவள் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல் என் பக்கம் தள்ளிவிடுவாள். எனக்காக ஆசையை அடக்கிக்கொள்கிறாள் என்று நானும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.