டாக்டர் சொன்ன நீள வார்த்தை

என் கணவருக்கு எந்த இங்கிலீஷ் வார்த்தை தெரியாது என்று கண்டுபிடிப்பது சுலபம். காலையில் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டே வருவார். தெரியாத வார்த்தை வந்ததும் குரல் பொசுக்கென்று இறங்கும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஆபீஸில் அவருக்குக் கிளார்க் வேலை. ஆனாலும் வீட்டில் அகராதி கிடையாது. வாங்கினால் இங்கிலீஷ் தெரியாதவர் என்று ஆகிவிடுமாம்!

கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தபோது எனக்கு வங்காளமும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. வங்காளத்தைப் பக்கத்து வீட்டு பௌதி, அதாவது அண்ணி, ஜன்னல் வழியாகவே கற்றுக்கொடுத்துவிட்டாள். இங்கிலீஷுக்கு அவருடைய பேப்பர்தான். காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். சின்னச் சின்ன வார்த்தைகள் மெல்லப் படிந்துவிட்டன. பெரியது வந்தால் அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை வைத்துப் பிடிப்பேன். ஒருநாள் பேப்பரில் திருடன் ஒருவன் சுவரேறிக் குதித்து ஓடினான். டிராம் பாதை ஓரத்தில் போலீஸ் அவனை 'அப்ரிஹெண்டட்' என்று படித்தார், குரல் இறங்கியது. அடுத்த வரியில் திருடன் கோர்ட்டில் நிற்கிறான்.

"பிடிச்சுட்டாளா?" என்றேன்.

"அதைவிடப் பெரிய அர்த்தம். உனக்குப் புரியாது" என்றார்.

அவர் ஆபீஸுக்குக் கிளம்பும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். அந்தக் காலை வேளைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

எங்கள் பெண்ணுக்கு நாலு வயதானபோது விஷஜுரம் வந்தது. நாட்கணக்கில் கண்ணைத் திறக்கவில்லை. ஆபீஸ் பெரிய துரையின் தயவில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்து பார்த்தார். அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அந்தக் காலத்தில் அப்படித்தான்.

ஒருநாள் காலையில் ஜுரம் விட்டு, குழந்தையின் உடம்பு சில்லென்று இருந்தது. அது நல்லதா கெட்டதா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. டாக்டர் வந்து பார்த்தார், மளமளவென்று நாலு வார்த்தை பேசினார், தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்.

"என்ன சொன்னார்?" என்று ஓடி வந்தேன்.

"சரியாப் போயிடும்னார்." குரல் இறங்கியிருந்தது.

"கன்வலசென்ட்னாரே, அப்படின்னா?"

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தெரியலைடி. எனக்குத் தெரியலை." கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத பேச்சு. "இனிமே நான் வர வேண்டியதில்லைன்னார். அது மட்டும் புரிஞ்சுது. கைவிட்டுட்டார்டி."

 ரெண்டு பேரும் உட்கார்ந்துவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது?

"பார்லிக் கஞ்சி குடுக்கச் சொன்னாரே. கைவிட்ட குழந்தைக்கு யாராவது ஆகாரம் சொல்லுவாளா?"

"கடைசியில ஆசைப்பட்டதைக் குடுங்கோன்னு சொல்றதில்லையா? அப்படித்தான் இதுவும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு, டாக்டர் பேசியதை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்த நீள வார்த்தைக்கு அப்புறம் இவர் காதில் பாதிகூட ஏறவில்லை. பாவம், பயம். எனக்கோ சின்ன வார்த்தைகள்தானே பிழைப்பு.

"நெக்ஸ்ட் வீக், எக் அப்படின்னார்!" என்று கத்தியேவிட்டேன். "இன்னிக்குக் கஞ்சி, அடுத்த வாரம் முட்டை. பிழைக்காத குழந்தைக்கு அடுத்த வாரம் ஏது?"

அவர் என்னையே பார்த்தார். "அடுத்த வாரம்" என்று தமிழில் மெல்லச் சொன்னார். இன்னொரு தரம் சொன்னார். கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது, துடைத்துக்கொள்ளவே இல்லை. பிறகுதான் திடுக்கிட்டார்.

"நம்மாத்துல முட்டையாடி?"

"சுவாமி அலமாரிக்குப் பக்கத்துலயே கோழி வளர்க்கறேன், போங்கோ!" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் அழுகை வந்துவிட்டது. குழந்தை படுத்த நாளாக நான் அழுதது அப்போதுதான்.

அடுத்த வாரம் முட்டை வந்தது, பக்கத்து வீட்டு அடுப்பில் வெந்து. நான் தொடுவதற்கு முன் அவரே வாங்கிக்கொண்டார். பூணூல் போட்ட அந்த மனுஷர், உரிக்கத் தெரியாமல் உரித்து, தன் கையாலேயே குழந்தைக்கு ஊட்டினார்.