பிரேக்கம்மாவும் வார்டன் அக்காவும்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவளைப் பிரேக்கம்மா என்றுதான் சொல்வோம். கார் பழக வந்த யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. பழகும் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் ஒன்று. எதிரே லாரி வந்தால் மற்ற மாஸ்டர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் வாயே திறக்கமாட்டாள். கால் மட்டும் அழுந்தும், வண்டி நிற்கும். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, "இப்ப என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க" என்பாள். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்த்து வழிகிற ஆளுக்கு அந்தக் கேள்வி திட்டைவிடக் கசக்கும். ஆனாலும் பழகினால் அவளிடம்தான் பழகுவேன் என்று எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

நான் அங்கே முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பவள். அவள் வீட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பாதியை டீ குடிக்கும்போது அவளே சொல்லிவிடுவாள். மீதியை அவள் நாத்தனார் சொன்னார், அதுவும் நான் கேட்காமலே.

வயிறு டேஷ்போர்டில் இடிக்கிறவரை அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. கடைசியில் முதலாளியே வந்து சாவியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, போய்ப் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வா என்று அனுப்பிவைத்தார். பெண் குழந்தை பிறந்தது. அவள் கணவர் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறவர். குழந்தைக்குத் தலை நிற்பதற்குள் அவருடைய கம்பெனி ஊரின் மறுகோடிக்கு மாறியது. இவர்களும் வீடு மாறினார்கள். புது வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பச்சை உடம்பு, பிரிக்காத அட்டைப்பெட்டிகள், எதில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 'பாத்திரம்' என்று எழுதிய பெட்டியைப் பிரித்தால் உள்ளே கணவரின் ஸ்பேனர்கள் இருந்தன. அவரைப் பொறுத்தவரை அதுவும் பாத்திரம்தான்.

இந்த நேரத்தில்தான் கணவரின் அக்கா வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். பத்து நாள் இருந்து உதவிவிட்டுப் போகிறேன் என்று ஒரே ஒரு பையோடு வந்தவர், வந்த அன்றே சமையலறை அலமாரியை இடம் மாற்றினார். பத்து நாளில் கிளம்புகிறவர் செய்கிற வேலையா அது. அடுத்த வாரமே வீட்டில் விளக்கணைக்க ஒரு நேரம் வந்தது, குளிக்க ஒரு வரிசை வந்தது. குழந்தைகூட அவர் தோளுக்குப் போனதும் ஏப்பம் விட்டுவிட்டு ஒழுங்காகத் தூங்கும். பெற்றவளிடம் வந்தால் மல்லுக்கட்டும்.

பிரேக்கம்மாவுக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாது. நாத்தனார் குழந்தையைக் குளிப்பாட்டினால் இவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். தண்ணீர் காதருகே போகும்போதெல்லாம் இவள் கால் தானாகத் தரையை அழுத்தும். கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினால், மேலே நின்றபடி படிக்கு ஒரு அழுத்து அழுத்துவாள். ஒருநாள் நாத்தனார் சோப்புப் போட்டபடியே, திரும்பாமல் சொன்னார்:

"காலை எடும்மா. இந்தப் பக்கம் பிரேக் இல்ல."

கணவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர், ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். தொழில் அதுதான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

விடுமுறை முடிந்து அவள் வேலைக்கு வந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் சாவி மாட்டும் ஆணிக்குத்தான் போனாள். ஆணி காலியாக இருந்தது. அவளுடைய வண்டியை முதலாளி புதிதாகச் சேர்ந்த பையனுக்கு, எங்கள் சின்ன மாஸ்டருக்கு, கொடுத்துவிட்டிருந்தார். அவளுக்கு வகுப்பறை. சாலைக் குறியீடுகளைச் சொல்லித்தருகிற வேலை. நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. கைக்குழந்தைக்காரி வெயிலில் எதற்கு அலைய வேண்டும் என்பது முதலாளியின் எண்ணம். நல்ல மனுஷர், அதுதான் சிக்கலே. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரு பிடி பிடித்திருக்கலாம். அவள் நன்றி சொல்லிவிட்டு வகுப்பறைக்குப் போனாள்.

அங்கே குச்சியை வைத்துக்கொண்டு முக்கோணத்தையும் வட்டத்தையும் தொட்டுக் காட்டவேண்டும். மத்தியான வகுப்பில் பின்வரிசை தூங்கும். தூங்காத குழந்தையோடு விடிய விடிய விழித்திருந்த அவளுக்கும் கண் சொருகும். ஒருமுறை 'மெதுவாகச் செல்' பலகையைக் காட்டி, "இதைப் பாத்தா தோள்ல போட்டு முதுகைத் தட்டணும்" என்று சொல்லிவிட்டாள். முன்வரிசையில் ஒருவர் அதையும் கவனமாக எழுதிக்கொண்டார்.

பால் எடுக்க அவளுக்கு இடமில்லை. கடைசியில் டயர் அடுக்கி வைத்திருக்கும் அறையைப் பிடித்தோம். ரப்பர் வாடையில் அவள் உள்ளே பம்ப்போடு உட்கார்ந்திருக்க, நான் வாசலில் காவல் நிற்பேன். எஞ்சின் ஆயில் கொண்டுவருகிறவர் கதவுப் பக்கம் வந்தால், உள்ளே ஸ்டாக் எடுக்கிறார்கள் என்பேன். யோசித்துப் பார்த்தால் பொய்யும் இல்லை.

ஒருநாள் வெகுநேரமாகியும் கதவு திறக்கவில்லை. தட்டிவிட்டு உள்ளே போனேன். டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பாட்டில் மடியில் இருந்தது, மூடிகூடப் போடவில்லை.

"வீட்ல அக்கா இருக்காங்க. என்னைவிட நல்லாப் பாத்துக்கறாங்க" என்றாள். "இங்க என் வண்டி நான் இல்லாமலே ஓடுது. நான் எங்கதான் வேணும்?"

பாட்டிலுக்கு மூடியைப் போட்டுவிட்டுப் பக்கத்து டயரில் உட்கார்ந்தேன். முதலாளியிடம் பேசிப் பாரேன் என்றதற்கு, அவர் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார், மனசு நோகும் என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மிச்சப் பலகைகளையும் நடத்தி முடித்தாள்.

பிறகு ஒரு மதியம் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியது. நாத்தனார் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடியும் இறங்கித் தெருமுனையில் நின்றார். வாடகை வண்டி ஒன்றும் நிற்கவில்லை. தம்பி ஏதோ மொட்டைமாடியில் ஏசியோடு போராடிக்கொண்டிருந்தார். இவள் வகுப்பில் இருந்தாள், போன் பைக்குள் இருந்தது. கடைகளுக்கு ரொட்டி போடுகிற வேன்காரர் பார்த்து இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டுபோய் டாக்டரிடம் விட்டார். சாதாரணக் காய்ச்சல்தான், மறுநாளே இறங்கிவிட்டது. ஆனால் நாத்தனாருக்கு அந்தத் தெருமுனை மனதைவிட்டு இறங்கவில்லை.

அடுத்த வாரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். கார் பழகவேண்டும், பெயரை எழுதிக்கொள் என்றார். தம்பி மனைவிக்குத் தெரியுமா என்றால் பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்றார். முதலாளி மரியாதையாக உட்காரவைத்துப் பேசி, சின்ன மாஸ்டரோடு அனுப்பினார். குழந்தை என்னிடம் இருந்தது. அது போன் ஒயரை வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி திரும்பி வந்துவிட்டது. சின்ன மாஸ்டர் இறங்கிப்போய்த் தண்ணீர் குடித்தான்.

"அந்தத் தம்பி காதுல கத்துது" என்றார் நாத்தனார். "ஒரு விடுதி நிறையப் பொண்ணுங்களையே கத்தாம மேய்ச்சவ நான். என் தம்பி பொண்டாட்டி சொல்லிக் குடுத்தா கத்துக்கறேன்."

முதலாளி, அவள் இப்போது வண்டியில் போவதில்லை, குழந்தைக்காகத்தான் அந்த ஏற்பாடு என்று விளக்கினார். நாத்தனார், அவளைக் கேட்டீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு எதற்கு வம்பு, நான் குழந்தையைப் பார்த்தேன். அவர் எழுந்துபோய் வகுப்பறைக் கதவைத் திறந்தார். பிரேக்கம்மா கையில் குச்சியோடு வெளியே வந்தாள்.

"ஏம்மா, உனக்கு வண்டி வேணுமா?"

"வேணும் சார். வந்த அன்னிக்கே வேணும்னுதான் இருந்தேன்."

"சொல்லவே இல்லியேம்மா."

"நீங்க கேக்கலியே சார்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் பேச்சு அதோடு நின்றது. முதலாளி போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தார். அவள் குச்சியை அவர் கையில் கொடுத்தாள். அன்றைய மிச்ச வகுப்பை அவரே எடுக்கவேண்டியதாயிற்று.

பெற்றவளும் நாத்தனாரும் ஒரே காரில் போனால் குழந்தையை யார் பார்ப்பது? அதுவரை இரண்டு பெண்களுக்கும் நடுவே எடுபிடியாக இருந்த கணவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கம்பெனியில் பேசி, காலையில் தாமதமாகப் போக ஏற்பாடு செய்துகொண்டார். முதல்நாள் கார் தெருவைத் தாண்டுவதற்குள் போன் வந்தது, துணி எங்கே என்று. அடுத்தது, ஏன் அழுகிறது என்று. மூன்றாவது வந்ததும் நாத்தனார் போனையே வாங்கி அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பிப் போய்ப் பார்த்தால் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. இடுப்புத்துணியை மட்டும் கணவர் ஏசி பைப்புக்குச் சுற்றுவதைப் போல இறுக்கமாக, மடிப்புப் பிசகாமல் சுற்றியிருந்தார்.

காரில்தான் பெரிய கூத்து. நாத்தனார் விடுதியை நடத்திய மாதிரியே ஓட்டினார், மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று. இவள் விடுவாளா. தெரு முழுக்கக் குலுங்கிக் குலுங்கித்தான் போனார்கள். ஒருநாள் நாத்தனார் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"நீ அழுத்த அழுத்த வண்டி நின்னு நின்னு போகுது. நான் எப்பத்தான் ஓட்டறது?"

இவள் அதற்குப் பதிலாக வேறொன்றைக் கேட்டாள்.

"ராத்திரி அவ அழுதா, நான் எழுந்து வர்றதுக்குள்ள நீங்க தூக்கிடறீங்க அக்கா. நான் எப்பத்தான் தூக்கறது?"

"நீ தூங்கட்டும்னு தூக்கினேன்" என்றாராம் நாத்தனார். பிறகு, "சரி. இங்க நீ காலை எடு. அங்க நான் கையை எடுக்கறேன்."

சொல்வது சுலபம். காரில் இவள் இரண்டு காலையும் இருக்கைமேல் மடக்கி வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஸ்கூல் வாசல் பூந்தொட்டி அந்த வாரம்தான் உடைந்தது. வீட்டில் குழந்தை வீறிட்டால் நாத்தனார் பால்கனிக்குப் போய், காய்ந்த துணியையே மறுபடி உதறி உதறிக் காயப்போடுவார். முதலில் குழந்தையும் இவளை ஒரு கை பார்த்தது. போகப்போக இவள் குரல் கேட்டாலே அழுகையை நிறுத்திவிட்டு, என்ன சொல்கிறாள் என்று கேட்க ஆரம்பித்தது. நாத்தனாருக்கு அதில் சந்தோஷம் பாதி, பொறாமை பாதி. பொறாமையை என்னிடம்தான் சொன்னார்.

லைசென்ஸ் பரீட்சையில் முதல்முறை தோற்றார். ரிவர்ஸில் கம்பத்தை இடித்துவிட்டு, கம்பத்தைத் தப்பான இடத்தில் நட்டிருக்கிறீர்கள் என்று அதிகாரியிடமே சொன்னாராம். இரண்டாம்முறை வாயை மூடிக்கொண்டு ஓட்டித் தேறினார்.

இப்போது பிரேக்கம்மா காலை முழுக்க ரோட்டில், மதியத்துக்குமேல் வீட்டில். நாத்தனார் அதே கட்டடத்தில் கீழ்வீட்டை வாடகைக்கு எடுத்து, பழைய கார் ஒன்றும் வாங்கிவிட்டார். விடுதிக்காலத் தோழிகளை ஏற்றிக்கொண்டு நினைத்தபோது கிளம்பிவிடுகிறார். அதனால் குழந்தை பாதி நாள் காப்பகத்துக்குப் போகிறது. முதல்நாள் குழந்தை அழவில்லை, பெற்றவளும் அழவில்லை. கொண்டுபோய் விட்ட நாத்தனார்தான் காரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். தூசி என்றார்.

போன மாதம் எல்லோரும் அந்தக் காரில் ஏரிக்கரைக்குப் போனோம். நாத்தனார் ஓட்ட, பக்கத்தில் பிரேக்கம்மா, பின்னால் நானும் அவள் கணவரும் குழந்தையும். பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. நாத்தனார் இருக்கையை விட்டு எழவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கி, இறங்கித் தள்ளுங்கள் என்றார். கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்ட அவள். மேடேறி, வண்டி உயிர்பெற்று, ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே விடும் நேரம் முடிந்து கேட்டைப் பூட்டியிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில் துண்டை விரித்தோம். கொண்டுபோன சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். பசியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.