வெற்றிச் செய்தியும் ஆளுயர மெழுகுதிரியும்

இன்று மடு மாதா கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் முள்ளிக்குளத்து அக்கா ஒருவர். தன் உயரத்துக்கே ஒரு மெழுகுதிரியை நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

“என்னக்கா, நேர்த்தியோ?”

“ஓம் தங்கச்சி. எங்கட ஊர்க் காணி வழக்கு வெண்டால் மாதாவுக்கு என்ர உயரத்துக்குத் திரி எண்டு நேர்ந்தனான். வெண்டிட்டமெல்லே! நேற்று ரீவியில பெருசாப் போட்டவங்கள்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உயர் நீதிமன்றம் நேற்றுச் சொன்னது, மனுவை விசாரிக்கலாம் என்பது மட்டுந்தான். அதற்குள் ஒரு ரீவி சனல் ‘மக்களுக்கு வெற்றி’ என்றது. இன்னொரு சனல் ‘நீதியரசர்கள் யார் பக்கம்?’ என்று நாலு அரசியல்வாதிகளைக் கூட்டிவைத்துக் கத்தவிட்டது. வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

விஷயத்தை மெல்லச் சொன்னேன். அக்காவின் முகம் செத்துப்போனது.

“அப்ப மாதாட்ட நான் இப்ப என்னெண்டு சொல்லுறது?”

அந்த ‘வெற்றி’த் தலைப்பைப் போட்டவர் இதை வாசித்தால், ஐயா, ஒருக்கா மடுவுக்கு வாங்கோ. திரியை நாங்கள் பிடிக்கிறோம். செய்தித் திருத்தத்தை நீங்களே மாதாவுக்கு முன்னால் நின்று வாசியுங்கோ.