நான் சிவப்புத் தடியில் எழுதிய பொய்

வெயிலில் காயும் சிவப்புப் பெயின்ற் மணந்தால் இன்றைக்கும் என் கால் தானாக நின்றுவிடும். போர் முடிந்து தர்மபுரத்தில் மீளக்குடியேறிய காலத்தில் 'அ, ஆ'வுக்கு முன்னரே தடி வாசிக்கப் பழகிய கூட்டம் நாங்கள்: வெள்ளை பூசிய தடி நின்றால் மிதிவெடி எடுத்தாயிற்று, போகலாம், சிவப்பு நின்றால் வந்த சுவட்டிலேயே திரும்பு.

போன வருடம் கம்பஸில் ஜாகாம் மொழியைப் பற்றி நான் பேச வேண்டி வந்தது. எஜாகாம் என்றும் சொல்வார்கள்; நைஜீரியாவும் கமரூனும் தொடும் எல்லைப் பக்கத்து மக்களின் பேச்சு. இப்போது உரோமன் எழுத்தில் எழுதுகிற அவர்கள், அதற்கு நெடுங்காலம் முன்பே சுவரிலும் துணியிலும் உடம்பிலும் நிலத்திலும் நிசிபிடி என்ற குறிகளை வரைந்தவர்கள். சில குறிகள் ஊருக்கே விளங்கும், சில ஒரு இரகசியச் சங்கத்து ஆட்களுக்கு மட்டும். வேறு மொழி பேசும் அயலவரும் அதே குறியை வாசித்தார்களாம். வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்கென்ன அதிசயம்? எங்கள் தடியை யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் ஒரே மாதிரித்தான் வாசித்தார்கள். அந்தத் தடி மொழியில் நான் எழுதியது ஒரேயொரு வசனம், அதுவும் பொய்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வயல் புஷ்பமக்காவுடையது. மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண், அப்போது தனி ஆள், அந்த ஒரு ஏக்கர்தான் அவருடைய முழு வருடச் சோறு. வயல் நடுவில் நின்ற விளாமரத்துப் பழங்களை அடுத்த ஒழுங்கைச் சிறுவர்கள், எங்கள் பேச்சில் 'பெடியள்', அடித்துக்கொண்டு போனார்கள். நான் கேற்றுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற்றை ஒரு தடியில் தடவி, மரத்தடியில் நட்டுவிட்டேன். பெடியள் அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டு நாள் நான் தனியே விளாம்பழம் தின்றேன். மூன்றாம் நாள் விளைந்த நெல்லை வெட்டும் மெசின் வந்தது. தடியைக் கண்டதும் மெசின்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

"கும்பிட்டாலும் இறங்கமாட்டன், அக்கா. சிவப்பு நிக்குதெல்லோ!"

"போன வருசம் வெள்ளத் தடி நட்டுட்டுத்தானே தம்பி போனாங்க!"

"அப்ப நீங்களே ஏறி ஓட்டுங்கோவன்."

மேற்கே மழை கறுத்துக்கொண்டிருந்தது. மிதிவெடி எடுப்பவர்களுக்கு அறிவித்தாலும் வந்து பார்க்க நாளாகும். சத்தம் கேட்டு என் அப்பாவும் அம்மாவும் வரம்புக்கு வந்திருந்தார்கள்.

"அப்பா, நான்தான் நட்டனான்."

"பயத்தில உளறாத, பேசாம நில்லு."

"மெசின் ஓடுறதப் பாக்கிற ஆசையில பொய் சொல்லுறாள்," என்றார் அம்மா.

ஒருவரும் நம்பவில்லை. நான் நெல்லுக்குள்ளால் நேரே ஓடினேன். பின்னால் அம்மா குழறிக் கத்திய சத்தம் கேட்டது. தடியைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினேன்.

மெசின்காரர் அசையவில்லை. "பிள்ளையின்ர பாரமும் மெசின்ர பாரமும் ஒண்டே?"

புஷ்பமக்கா சேலையைச் சொருகி, அரிவாளோடு இறங்கினார். ஈரச் சேற்றில் பதிந்திருந்த என் காலடிகளுக்குள்ளேயே தன் காலை வைத்து, கைக்கு எட்டியதை மட்டும் வெட்டினார். "ஒன் காலு பட்ட எடம் போதும் புள்ள," என்றார். பின்னேரம் மழை கொட்டியது. மிச்ச நெல் தண்ணீரில் படுத்து முளைத்தது. அவர் எனக்கு ஏசவேயில்லை.

தடிகளும் மிதிவெடி என்று எச்சரித்த மண்டையோட்டுப் பலகைகளும் இப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. பிறகு பிறந்த என் தம்பிக்கு அந்த மொழி தெரியாது. ஒரு மொழி ஒழிந்ததென்று நான் சந்தோசப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். என் தடி நின்ற விளாமரத்தைச் சுற்றிய நிலத்துண்டை மட்டும் புஷ்பமக்கா இன்னும் மெசினுக்கு விடாமல் கையாலேயே வெட்டுகிறார். இந்த மாசியில் வந்த புது மெசின்காரன் ஏன் என்று கேட்டான்.

"அங்க வேணாம் தம்பி," என்றார்.

நான் இன்னொரு அரிவாளை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் குனிந்தேன்.