உதட்டின் இடது ஓரம்

வேங்கிக்கால் அருகே வேன் திடீரென்று பிரேக் போட்டதில் முன் சீட்டுக் கம்பியில் மோதி என் மேல் முன்பல் உடைந்தது. நான் டிரம்பெட் வாசிப்பவன். கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் பேண்டு செட் ஒன்றை நடத்துகிறேன். ஞாயிறுகளில் வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறேன். மவுத்பீஸை உதட்டின் நடுவில் வைத்து அழுத்தும்போது பின்னால் முன்பல் தாங்கவேண்டும். தாங்குவதற்குப் பல் இல்லை. மாதக் கடைசியில் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம் இருந்தது.

"டிரம்பெட்ட சும்மா கையில புடிச்சிக்கினு நில்லுங்கண்ணே. கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனா அந்த சத்தம் வந்துடுது," என்றான் டிரம்ஸ்காரன்.

கேலி என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஒரு கீபோர்டை எடுத்துக்கொண்டு, அதை வாசிக்கத் தன் மச்சானையும் கூட்டி வந்தான். அந்தக் கீபோர்டு ஒருமுறை என் இடத்தில் நின்றுவிட்டால் அப்புறம் அங்கே எனக்கு வேலையில்லை.

மவுத்பீஸை உதட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்தினேன். தினமும் காலையில் அடி அண்ணாமலைப் பக்கம் வரப்பில் நின்று ஊதினேன். முதலில் வெறும் காற்று வந்தது, பிறகு எருமை கத்துவதுபோல ஒன்று, அதற்கப்புறம்தான் ஸ்வரம்.

"நடுவுலதான் வைக்கணும்னு நீங்கதான சொன்னீங்க சார்?" என்றாள் வகுப்பில் ஒரு மாணவி.

"பல்லு இருக்கிறவங்க நடுவுல வைங்க."

கீழ் ஸ்வரங்கள் திரும்பின. மேலே போனால் பிசிறியது. எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கி வாசிக்கலாம் என்றேன். செட்டிலேயே மூத்தவரான கிளாரினெட்காரர் கருவியை மடியில் வைத்துவிட்டார்.

"உன் ஒத்தப் பல்லுக்காக நாங்க எல்லாரும் வெரல மாத்திக்கணுமா?"

"ஆமாண்ணே."

கிளாரினெட்டை மடியிலிருந்து எடுத்தார். "எவ்ளோ கம்மி பண்ணணும்னு சொல்லித் தொல."

கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை அழைப்பு கடைத்தெருவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றது. அப்படி நிற்கும் இடங்களில், ஜாஸ்காரர்களைப்போல, பாட்டின் நடுவே அப்போது தோன்றுவதை வாசிப்பது என் வழக்கம். எங்கள் செட்டைக் கூப்பிடுவதே அதற்காகத்தான். டிரம்ஸ்காரன் மச்சானுக்குக் கண்காட்டினான். நான் வேண்டாம் என்று கையாட்டிவிட்டு டிரம்பெட்டை எடுத்தேன்.

கீழ் ஸ்வரங்களிலேயே சுற்றினேன். ஓரிடத்தில் பிசிறியது. சுற்றி வந்து அதே இடத்தை மறுபடி வாசித்தேன், இம்முறை ஸ்வரம் பிசிறாமல் நின்றது. கிளாரினெட் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் மாமா துண்டைச் சுழற்றி ஆடத் தொடங்கினார்.

"பஸ்ஸு போயி எவ்ளோ நேரமாவுது, நடங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வாசித்துக்கொண்டே நடந்தேன். மச்சான் உறையை மூடித் தோளில் மாட்டிய கீபோர்டின்மேல் தாளம் தட்டிக்கொண்டு வந்தான்.