வேர்ப்புழுவும் ஒரு கட்டு அரைக்கீரையும்

முதலில் ஒரே ஒரு கத்தரிச் செடிதான் வாடியது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் விட்டேன். மறுநாள் இரண்டு செடி தலை தொங்கின. மூன்றாம் நாள் ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. குழியைக் கிளறினால் சுண்டுவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு ஒரு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது.

சமயநல்லூரைத் தாண்டி, வாடிப்பட்டி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. பின்னால் இருக்கும் எட்டு சென்ட்டில் நாலு வருஷமாக மருந்தில்லாமல் காய்கறி போட்டுவந்தேன். நான் வேலை பார்க்கும் மிஷன் பள்ளியில் அது எல்லோருக்கும் தெரியும். என்னோடு வேலை பார்க்கும் சின்ன டீச்சர் ஒருத்தி, தன் பத்து மாதக் குழந்தைக்கு என் தோட்டத்துக் கீரையைத் தவிர வேறு கீரை கொடுப்பதில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தலைமுறையாக விவசாயம் பார்க்கிறவர். புழுவைக் காட்டியதும் எரு எங்கே வாங்கினேன் என்று கேட்டார். மக்காத எருவை வாங்கிப் போட்டிருக்கிறேன், அதோடு புழுவும் வந்து சேர்ந்திருக்கிறது என்றார். "குருணை மருந்து தூவித் தண்ணி விட்டா அம்புட்டும் செத்துரும் டீச்சர். அது வேணாம்னா நீங்க தோண்டித்தான் பொறுக்கணும்."

பொறுக்கினேன். விடிந்தும் விடியாமலும் கொத்தோடு இறங்கி, பள்ளிக்கு நேரமாகும்வரை தோண்டிக்கொண்டிருந்தேன். அகப்பட்டதை எல்லாம் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். வேப்பம் புண்ணாக்கு வைத்தேன். ஆனாலும் தினம் ஒரு செடி சாய்ந்தது. வகுப்பில் நாற்காலியில் உட்கார முடியவில்லை. பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கும் கரும்பலகைக்குமாக நடந்தேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் பாதியில் எழுந்து தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். என் கணவர் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். போனால் போகிறது, அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் சொன்னார். உங்களுக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பள்ளியில் கூட்டம் முடிந்து இருட்டித்தான் வீடு வந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவர் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் இருட்டோடு இருட்டாக அரைக்கீரை ஒரு கட்டு அறுத்து எடுத்துப்போய்ச் சின்ன டீச்சரிடம் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்து தோட்டத்தில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். ஈர மண்ணின் மேல் மண்புழுக்கள் செத்து வெளுத்துக் கிடந்தன. கத்தரிப் பாத்தியில் மட்டுமல்ல, கீரைப் பாத்தியிலும்தான். குனிந்து பார்த்தால் மண்ணோடு மண்ணாக ஊதா நிறக் குருணை.

அவரைக் கூப்பிட்டேன். படியில் நின்றபடியே, நேற்று நான் பள்ளிக்குப் போன பிறகு போட்டதாகச் சொன்னார். "நீ இருப்புக்கொள்ளாம அலையிறதப் பாக்க முடியல. இன்னைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"காலையில கீரை அறுத்துக் குடுத்துட்டேங்க. பிள்ளைக்கு."

அவர் முகம் மாறியது. "வேருக்குத்தான போட்டேன்," என்றார். வேரில் போடுவதுதான் இலைக்கு ஏறும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

சின்ன டீச்சருக்கு போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஸ்கூட்டரை வெளியே தள்ளியபோது அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப போனை அமுக்கினேன். கட்டு கொடுத்தது காலையில், பள்ளி விட்டது நாலு மணிக்கு, அவள் வீடு போய்ச் சமைக்க எவ்வளவு நேரமாகும் என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தவள் இடுப்பில் குழந்தை இருந்தது. உள்ளேயிருந்து கீரை கொதிக்கும் வாசனை. அவர்தான் முன்னால் வந்தார்.

"அந்தக் கீரையக் குடுத்துறாதம்மா. நான் மருந்து போட்டுட்டேன். இவளுக்குத் தெரியாது. தப்பு என் மேலதான்."

இன்னும் கொடுக்கவில்லை, இப்போதுதான் வேகிறது என்றாள். குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு அடுப்பை அணைத்து, சட்டியோடு வெளியே கொண்டுபோய்க் குழி தோண்டிக் கொட்டிவிட்டு வந்தாள். கையை இரண்டு தடவை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் அவள் வாசற்படியில் உட்கார்ந்தேன். காபி போடட்டுமா அக்கா என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

மறுநாள் பாத்திகள் மொத்தத்தையும் பிடுங்கிக் குழியில் புதைத்தோம். அவரே பிடுங்கினார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் அடங்கப் பல நாள் ஆனது. அதைவிட அதிக நாள் என் மேல் இருந்தது. ஒரு புழுவுக்காக எங்கள் வீட்டில் அவரை எப்படி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு போகம் முழுக்க நிலத்தைச் சும்மா போட்டோம். பிறகு அண்ணன் சொன்னபடி ஆழமாக உழுது காயவிட்டோம். உழும்போது கொக்குகள் இறங்கி வெளியே வந்த புழுக்களைக் கொத்தின. வேளாண் கல்லூரியிலிருந்து புழுவைக் கொல்லும் பூஞ்சாணப் பொடி வாங்கி, நன்றாக மக்கிய எருவில் கலந்து போட்டோம். இப்போது பாதி இடத்தில்தான் கத்தரி இருக்கிறது. ஒன்றிரண்டு செடி இன்னும் சாய்கிறது. சாய்ந்தால் இரண்டு பேருமாகத் தோண்டிப் பார்க்கிறோம். மண்புழு ஒன்று தட்டுப்பட்டால் அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

சின்ன டீச்சர் பழையபடிதான் பேசுகிறாள். மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். கீரை மட்டும் அவள் கேட்பதில்லை, நானும் கொண்டுபோவதில்லை.