மொட்டைமாடிக் கொடி

ஒரகடம் பக்கம் எந்த வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தாலும் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இன்னொரு மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். சேரப்பணஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் வீடும் அப்படித்தான் வளர்ந்தது. நாங்கள் வந்தபோது ஒரு மாடி. கம்பெனிகள் பெருகப் பெருக இரண்டு, அப்புறம் மூன்று. லிப்ட் கிடையாது. மாடி உயர உயர, கம்பிகளில் கட்டிய எங்கள் துணிக்கொடியும் மேலே ஏறியது.

போன மாதம் வீட்டுக்காரர் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அறைகள் கட்டப்போவதாகச் சொன்னார். கொடியை அறுத்துக் கீழே வீசிவிட்டு, மாடிக் கதவைப் பூட்டினார்.

"ரூம்லயே ஃபேன் போட்டுக் காய வெச்சுக்கோங்க."

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூடக் குரல் எழும்பாது. அறைக்குள்ளேயே காயவைத்தேன். என் கணவரின் யூனிபார்ம் நாறியது. கம்பெனியில் அசெம்பிளி லைனில் பக்கத்தில் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். கணவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை அறுந்த கயிற்றை எடுத்து, தரைத்தளத்தில் வீட்டுக்காரர் வாசலுக்குக் குறுக்கே, படிக்கட்டுக் கைப்பிடிக்கும் கேட்டுக்கும் இழுத்துக் கட்டினேன். துணிகளைச் சரியாகப் பிழியக்கூட இல்லை.

"இன்னாமா இது? வாசல்ல தண்ணி சொட்டிக்கினு கீது!"

"காயணும் இல்லீங்களா."

"வேற எடமே இல்லியா?"

"இருந்துச்சு. நீங்கதான் பூட்டிட்டீங்க."

பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் தூத்துக்குடிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, எங்க துணியும் ஊறிக் கெடக்கு. கொண்டு வரட்டா?"

"கொண்டா. கயிறு நீளமாத்தான் இருக்கு."

"குடும்பம் இருக்கற வூடும்மா இது!" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"மேல இருக்கறதும் குடும்பந்தாங்க."

அந்த வாரம் முழுவதும் அவர் எங்கள் நைட்டிகளுக்கும் லுங்கிகளுக்கும் கீழே குனிந்துதான் வெளியே போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாடிக் கதவு திறந்தது. பாதியில் தகர அறைகள் வருமாம். பாதி துணி காய.

"இப்ப சந்தோஷமா?" என்றார். நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மாடி ஏறினேன். தகர அறைகளுக்கு வரப்போகிற பிள்ளைகளும் துணி துவைப்பார்கள். அந்தப் பாதி அவர்களுக்கும் சேர்த்துத்தான். அதில் ஒரு அடி குறைந்தாலும், மறுபடி அவர் வாசலில் கயிறு கட்டுவேன்.